மழைக் குறிப்பேடு

ஒருவருடைய வாழ்க்கையை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அவர் பெற்ற பட்டங்களையும் வகித்த பதவிகளையும் நிரற்படுத்துவதோடு நிறைவடைந்து விடுகின்றனர். யாழ்ப்பாணத்தில் வெளிவரும் சேவைநயப்பு விழா மலர்களும், மணிவிழா மலர்களும், இறந்தபின் வழங்கப்படும் கல்வெட்டுகளும் இம்மரபையே பேணுகின்றன. எங்கே பிறந்தார், எக்குடும்பத்தில் மணஞ்செய்தார், எப்பாடசாலையிற் கற்பித்தார் என்பன அவற்றிலே தவறாது இடம்பெறும். எவற்றைக் கண்டு மகிழ்ந்தார் என்பது இடம்பெறாது. காலையில் எழுந்ததும் முதலில் எதைப் பார்க்க விரும்பினார், எந்த ஒலி கேட்டாற் கைவேலையை நிறுத்தினார் என்பவற்றை அறிந்தவர் வீட்டார் மட்டுமே. அவர்களும் அவற்றைச் சொல்லத்தக்க செய்திகளாகக் கருதுவதில்லை.

உரும்பிராயைச் சேர்ந்த அந்தப் புவியியல் ஆசிரியரின் மணிவிழா மலரிலும் மழை பற்றி ஒரு சொல்லேனும் இல்லை. ஆயினும், ஊரார் அவரை ‘மழைக்கணக்கு மாஸ்ரர்’ என்றே அழைத்தனர். 1961 தை மாதம் முதல், நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு வளவின் மேற்குப்புறத்தில் நாட்டப்பட்டிருந்த மழைமானியைத் திறந்து பார்த்து, நீரிருந்தால் அளந்தும், இல்லையேற் பூச்சியமிட்டும், குறிப்பேட்டிற் பதிந்து வந்தவர் அவர். யாரும் அவரிடம் அக்கணக்கைக் கேட்கவில்லை. வளிமண்டலவியல் திணைக்களம் தனக்குரிய நிலையங்களில் அளந்துகொண்டுதானிருந்தது.

இப்பழக்கம் அவருக்குப் பேராதனையில் வாய்த்தது. 1956இற் பல்கலைக்கழகம் புகுந்த அவர், அவ்வாண்டு சித்திரையில் ஓடத் தொடங்கிய யாழ்தேவியிற் பயணஞ்செய்த முதல் மாணவர் கூட்டத்தைச் சேர்ந்தவர். பொல்காவலையில் இறங்கிக் கண்டிப் பாதையில் வண்டி மாறவேண்டும். கடுகண்ணாவை ஏற்றத்திலே புகைவண்டி மூச்சு வாங்கும்போது யன்னலால் உள்ளே வரும் ஈரக்காற்று, அதுவரை அவர் அறியாத ஒன்று. அந்தானை மலையிலிருந்து இறங்கும் மழையை விடுதி மாணவர் வெறுத்தனர். காயாத உடுப்பும் வழுக்கும் படிகளுமே அவர்களுக்கு மழை. யாழ்ப்பாணத்தில் மழையை ஏசும் வழக்கம் இல்லை. ஆறில்லாத நாட்டில் வானமே ஆறு. குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும், மழைநீர் சுண்ணக்கல்லுக்குட் சுவறிக் கிணற்றில் ஊறும் நீரேயாகும். கனமான உவர்நீரின்மீது நன்னீர் ஒரு வில்லைபோல மிதந்துகொண்டிருக்கின்றது என்பதை விரிவுரையிற் கேட்டபோது, தாம் பிறந்த ஊர் முழுவதும் மெல்லியதொரு நீர்ப்படலத்தின் தயவில் இருப்பதாக உணர்ந்ததாக அவர் பிற்காலத்தில் மாணவருக்குக் கூறுவதுண்டு. செய்முறை வகுப்பில் மழைமானியைக் கண்டார். ஊர் திரும்பியதும், தகர வேலை செய்பவர் ஒருவரிடம் நாகமுலாமிட்ட தகட்டில் அதைப்போன்றொன்றைச் செய்வித்தார். கண்ணாடி அளவுச்சாடி மட்டும் கொழும்பிலிருந்து வந்தது.

மழையை அளத்தலில் அறிவியல் அதிகமில்லை, வியப்பு உண்டு. வாய் எவ்வளவு அகன்றிருப்பினும், பக்கங்கள் நேராகவுள்ள பாத்திரம் ஒன்றில் நிற்கும் நீரின் ஆழமே மழையின் அளவாகும். பால்மாத் தகரத்திலும் கோயிற் கேணியிலும் ஒரே மழை ஒரே ஆழமே காட்டும். எட்டாம் வகுப்பு மாணவர் இதை இலகுவில் நம்புவதில்லை. அவர்களை மழைநாளொன்றில் முற்றத்தில் வெவ்வேறு தகரங்களை வைக்கச் செய்து, பின்னர் அடிமட்டத்தால் அளக்கவிட்டு, அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் அந்தக் கணத்தைக் காண்பது அவருக்கு ஆண்டுதோறும் கிடைத்த ஒரு சன்மானம். இன்னொரு கணக்கும் அவருக்கு உவப்பானது. ஒரு மில்லிமீற்றர் மழை ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் நீராகும். வரகுக் கணக்கிற் பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். ஆகவே, அவருடைய நான்கு பரப்பு வளவில் ஒரு மில்லிமீற்றர் மழை, ஏறத்தாழ 1,000 லீற்றர். செருப்பின் அடிகூட நனையாத ஒரு தூறலுக்குப் பின், “ஆயிரம் லீற்றர் வந்திட்டுது” என்று குசினி வாசலில் நின்று அறிவிப்பார். அதைத் துலாவால் இறைப்பதாயின் எத்தனை பட்டை என்று மனைவி கேட்பார். அக்கணக்கையும் அவர் செய்வார்.

அளவிட இயலாத மழையும் உண்டு. நான்கு துளி விழுந்து, மானியின் அடியை ஈரமாக்கி, அளவுச்சாடியில் ஊற்றினால் கோட்டைத் தொடாமல் நிற்பது. அதனைப் பூச்சியமென்று எழுதுதல் பிழை. எண்ணொன்றை எழுதுதலும் பிழை. வானிலை அவதானிகள் இதற்கென ஓர் ஆங்கிலச் சொல்லை வைத்திருக்கின்றனர். ஆங்கிலத்திற் கற்றவராதலின் குறிப்பேட்டின் நிரல்களுக்கு ஆங்கிலத்திலேயே தலைப்பிட்ட அவர், இந்த ஒன்றை மட்டும் தமிழில் ‘சுவடு’ என்று எழுதினார். வந்து போனதற்குச் சான்றுண்டு, அளவில்லை. அச்சொல்லை எழுத நேரும் நாள்களை அவர் எதிர்பார்த்திருந்தார் என்று சொன்னால் மிகையாகாது.

குறிப்பேட்டின் உண்மையான உயிர் அதன் வலது ஓரத்தில் இருந்தது. எண்ணுக்கு எதிரே ஒரு வரி எழுதுவார்; ஒன்றுக்கு மேற்படாது. அவ்வரிக்குத் தமக்கெனச் சில விதிகளை வகுத்திருந்தார். நாட்டு நடப்பு அதில் வரக்கூடாது. பிறப்பு, இறப்பு, திருமணம், பதவியுயர்வு ஆகியவை வரக்கூடாது. அந்நாளில் அவரை ஒருகணம் நிறுத்திவைத்த சிறிய பொருளொன்று மட்டுமே வரலாம். ‘கதியாலில் வெட்டிய பூவரசு இரண்டு இலை விட்டிருக்கிறது.’ ‘புழுக்கொடியலை உடைக்கும் ஓசை அடுத்த வீட்டிலிருந்து.’ ‘மகள் நிழலை மிதிக்க ஓடுகிறாள்.’ ‘தேத்தண்ணீர் முடியும்போது பனங்கட்டியும் சரியாக முடிந்தது.’ இந்தக் கடைசி வரியின் அருமை யாழ்ப்பாணத்தாருக்கே விளங்கும். சீனி கலக்காத தேநீரைப் பனங்கட்டியைக் கடித்துக் கடித்துக் குடிக்கும்போது, ஒன்று முந்தித் தீர்ந்து மற்றது எஞ்சுவதே வழக்கம். இரண்டும் ஒருசேரத் தீர்வது ஆண்டிற் சில நாள்களே நிகழும் ஓர் அதிட்டம்.

மகிழ்ச்சியைத் தேடி அலைந்தவராக அவரைக் கருதுதல் பொருந்தாது. இயல்பிற் சிடுசிடுத்தவர். வகுப்பில் அவருடைய பிரம்புக்கு அஞ்சியவர் பலர். ஒரு வரி எழுதவேண்டும் என்ற கடமை இருந்தமையால் நாள் முழுவதும் கண்ணைத் திறந்து வைத்திருந்தார், அவ்வளவே. மார்கழியிற் கிணற்று நீர் எத்தனை வளையம் ஏறியிருக்கிறது என்று எட்டிப் பார்ப்பார். ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீர் வாங்கிக் குடித்து, எந்தக் கிணறு இனிப்பு, எது சற்றுச் சவர் என்று நாக்கினால் ஒரு வரைபடம் வைத்திருந்தார். தையில் வாடைக்காற்றுக்கு ஏற்றிய பட்டத்தைப் பனையிற் கட்டிவிட்டு இளைஞர் உறங்கப் போனபின், அதிற் பூட்டிய விண் விடியும்வரை கூவிக்கொண்டிருக்கும். அந்த ஒலி காற்றின் வேகத்துக்கேற்பத் தடிப்பதையும் மெலிவதையும் படுக்கையிற் கிடந்தவாறே கேட்பார். கடைசியாகக் கேட்டது எந்தச் சுருதி என்பதை எழுத முயன்று தோற்ற வரிகளும் சில இருந்தன.

1987 ஒக்ரோபரில், இந்திய அமைதிகாக்கும் படைக்கும் விடுதலைப் புலிகளுக்குமிடையே போர் மூண்டபோது, குடாநாடு ஊரடங்கில் முடங்கியது. மழைமானி வளவுக்குள் இருந்தமையால் அளத்தல் தடைப்படவில்லை. அம்மாரியில் ஒருநாள், நண்பர் இருவரைப் பறிகொடுத்த மைத்துனர் வந்திருந்தார். எட்டரை மணிக்கு இவர் அளவுச்சாடியை உயர்த்திப் பிடித்துக் கண்மட்டத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டு, “ஊரே செத்தவீடாய்க் கிடக்குது, அத்தான். நீங்கள் மழை அளக்கிறியள்” என்றார். அதில் ஏளனம் இல்லை. இருந்திருப்பின் பதில் சொல்லியிருக்கலாம்.

அன்று தொடங்கிப் பதினொரு நாள்கள் எண்கள் மட்டும் எழுதப்பட்டன, ஓரம் வெறுமையாயிற்று. எண்ணை எழுதுதல் கடமை. ஓரத்தில் எழுதுதல் இன்பம். பிணங்கள் எரிக்கப்படாமற் கிடக்கும் ஊரில் பூவரசிலையை எழுதுபவன் எத்தகையவன் என்பதே அவரை வருத்திய கேள்வியாகும். பன்னிரண்டாம் நாள் மனைவி கேட்டார்: “இஞ்சாருங்கோ, ஏன் இப்ப ஒண்டும் எழுதிறேல்லை?”

“எதை?”

“அந்தக் கரையில எழுதிறதை. நான் பிறகு என்னத்தை வாசிக்கிறது?”

1965இல் மணமாகி வந்த நாள் முதல், அவர் பாடசாலைக்குப் போனபின் அந்த ஒரு வரியை அவ்வம்மையார் வாசித்து வந்திருக்கிறார். இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒருமுறையேனும் அதைப்பற்றி வாய்திறக்கவில்லை. தமக்கென மட்டும் எழுதுவதாக எண்ணியிருந்தவருக்கு, நாள்தோறும் ஒரு வாசகர் காத்திருந்தார் என்பது அன்றுதான் தெரியவந்தது. மைத்துனரின் கேள்விக்கு இது விடையாகாது என்பது அவருக்குத் தெரியும். எனினும், அன்று ஒரு வரி எழுதினார். என்ன எழுதினார் என்பதை இருவருமே இன்றுவரை சொல்ல மறுக்கின்றனர்.

1990க்குப் பிந்திய ஆண்டுகளில் ஓரக்குறிப்புகள் பெருகின. ஆனியில் யாழ்ப்பாணத்துக்கான புகைவண்டி நின்றது, மின்சாரமும் போயிற்று. பற்றரியும் சவர்க்காரமும் கிடைத்தற்கரிய பொருள்களாயின. யாம் போத்தலின் அடியிற் சிறிது பஞ்சையிட்டு, அது நனையுமளவு மண்ணெண்ணெய் ஊற்றி, மெல்லிய திரியொன்றை ஏற்றி வைத்த விளக்கில் அவருடைய மாணவர் படித்தனர். துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையாற் சுழற்றி, டைனமோவிற் பிறந்த மின்னில் வானொலி கேட்டனர். ‘மகன் களைத்தான், தமிழோசையும் களைத்தது’ என்பது அக்காலத்து வரி. சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பனம்பழக் களியைத் தேய்த்துத் துணி துவைத்தனர். துணி வெளுத்ததென்னவோ உண்மை. கொடியிற் காயும் சேட்டின் பனம்பழ வாசனைக்கு மாடு வந்து சப்பத் தொடங்கியதும் உண்மை. ‘சிவலைப் பசு எனது வலது கையைத் தின்றுவிட்டது’ என்ற வரியை வாசித்து அம்மையார் சிரித்த சிரிப்பு அயலுக்குக் கேட்டதாம்.

இவற்றை வைத்து அக்காலத்தை இனியதெனக் கொள்பவர் ஏமாறுவர். அதே ஆண்டுகளில் மருந்தின்றி மாண்டவர் உளர். வானிலிருந்து வீழ்ந்த குண்டுகளுக்குப் பலியானோர் உளர். குறிப்பேட்டின் விதி அவர்களை வெளியே நிறுத்திவைத்தது. அதனை மட்டும் கையிலெடுத்து வாசிக்கும் பிற்காலத்து ஆராய்ச்சியாளர் ஒருவர், யாழ்ப்பாணம் பசுக்களும் பட்டங்களும் நிறைந்த அமைதியான ஊராயிருந்தது என்று முடிவுகட்டக்கூடும். சிறிய மகிழ்ச்சிகளின் ஏடு வரலாறாகாது. அவரே ஒருமுறை, “இது பொய்க்கணக்கில்லை, அரைக்கணக்கு” என்று சொல்லியிருக்கிறார். மற்ற அரைவாசியை எழுதும் துணிவு தமக்கில்லை என்றும் சொன்னார்.

1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமம் பெயர்ந்தது. இலட்சக்கணக்கான மக்கள் ஒரே இரவிற் செம்மணி வீதியால் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தனர். சில மைல் தூரத்தைக் கடக்க இரவு முழுவதும் போதவில்லை. முன்னே செல்லவும் பின்னே திரும்பவும் இயலாத நெரிசல். துவிச்சக்கரவண்டியின் பின்னிருக்கையில் ஒரு பயணப்பை. அதில் காணி உறுதியும், அம்மையாரின் பிறெசர்க் குளிசைகளும், இரண்டு மாற்றுடுப்பும், அவ்வாண்டுக்குரிய குறிப்பேடும் இருந்தன. 1961 முதல் 1994 வரையிலான முப்பத்துநான்கு குறிப்பேடுகளும் அலுமாரியில் இருந்தன. அளவுச்சாடி யன்னற் கட்டில் இருந்தது. எப்படியும் ஒரு கிழமையில் திரும்பிவிடலாமென்றே எல்லோரும் எண்ணினர்.

அன்றிரவு மழை பெய்தது. வழியிற் குடிக்க நீரில்லை, இருபுறமும் உப்பேரி. குழந்தைகள் தாகத்தில் அழ, மக்கள் தங்கள் குடைகளை விரித்துத் தலைகீழாகப் பிடித்தனர். குடையின் குழிவிற் சேர்ந்த நீரைக் கைகளால் அள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தனர். முப்பத்துநான்கு ஆண்டுகளாக மழைக்குக் கீழே பாத்திரம் வைத்தவர், ஒரு வீதி முழுவதும் பாத்திரங்களாக விரிந்திருந்ததை அன்று கண்டார். அந்நாளுக்குரிய பதிவில் எண் இல்லை. ஓரத்தில் ‘அளக்கவில்லை. குடித்தோம்’ என்றிருக்கிறது. அவ்வரி விதிக்குள் அடங்குமா என்பதில் அவருக்கே பின்னர் ஐயமிருந்தது, அடித்துவிடவில்லை.

தென்மராட்சியில் ஒரு பாடசாலை வகுப்பறையை ஐந்து குடும்பங்கள் பகிர்ந்துகொண்டன. அங்கே மூன்றாம் நாளே, எறியப்பட்ட பால்மாத் தகரமொன்றைக் கழுவி, வெளியிற் கல்லடுக்கி நிறுத்தினார். அடிமட்டத்தை ஒரு சிறுவனிடம் இரவல் பெற்றார். கூடி நின்ற சிறுவருக்கு அந்தப் பழைய வியப்பு மீண்டும் காட்டப்பட்டது. அகதிகளாகி வந்த பிள்ளைகள் தகரங்களைத் தேடி ஓடியதைக் கண்ட தாய்மார் சிலர் முகஞ்சுளித்தனர் என்பதையும் சொல்லவேண்டும்.

1996இன் நடுப்பகுதியில் ஊர் திரும்பினர். கூரை இல்லை; கதவு நிலைகள் இல்லை; அலுமாரி இருந்த இடத்திற் சுவரின் நிறம் மட்டும் வேறாயிருந்தது. மழைமானியின் தகரப் புனல் நசுங்கிக் கிணற்றடியிற் கிடந்தது. குறிப்பேடுகளில் ஓர் ஒற்றைதானும் எஞ்சவில்லை. அடுப்பெரிக்கப் பயன்பட்டிருக்கலாம், மழையே அவற்றைக் கரைத்திருக்கவும் கூடும். எண்களுக்காக அவர் அதிகம் வருந்தவில்லை. குடாநாட்டின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர். அதில் மூன்றிலிரண்டு பங்களவு ஐப்பசி தொடக்கம் மார்கழி முடிய விழும். அவருடைய எண்கள் இல்லாமலும் இவ்வுண்மை நிலைக்கும். ஓரங்கள் போனதே பேரிழப்பு. பன்னீராயிரத்துக்கு மேற்பட்ட வரிகள்.

அப்போது அம்மையார் சொல்லத் தொடங்கினார். எழுதியவர் மறந்தவற்றை வாசித்தவர் மறக்கவில்லை. சமைக்கும்போதும், நெல் புடைக்கும்போதும், நித்திரை வராத இரவிலும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. மகள் நிழலை மிதிக்க ஓடியதும் பனங்கட்டி சரியாக முடிந்ததும் அவ்வாறு மீண்டவையே. அவர் ஒரு புதுக் கொப்பியில் எழுதிக்கொண்டார். திகதி தெரியாது, மழையளவு தெரியாது, வரி மட்டும். சிலவற்றை அவர் மறுத்தார்: “நான் அப்படி எழுதேல்லை.” “நீங்கள்தான் எழுதினீங்கள். அண்டைக்கு நான் கத்தரிக்காய்க் குழம்பு வைச்சனான்” என்பார் அம்மையார். இவ்வாறு மீட்கப்பட்டவை இருநூற்றுச் சொச்சம். இவற்றுட் சில அவர் ஒருபோதும் எழுதாதவையாகவும், அம்மையாரே கண்டு மகிழ்ந்தவையாகவும் இருத்தல் கூடும். எழுத்துநடை ஒத்துப்போவதால் இன்று பிரித்தறிய வழியில்லை.

பின்வந்த ஆண்டுகளை விரித்துரைக்க வேண்டியதில்லை. மகனும் மகளும் கனடாவில் குடியேறினர். 2002 சித்திரையில் ஏ-9 வீதி திறந்தது. 2006 ஆவணியில் மீண்டும் மூடப்பட்டது. 2008 கார்த்திகையில் ‘நிஷா’ சூறாவளி கொண்டுவந்த மழையில், மானி நிரம்பி வழியுமுன் நள்ளிரவில் ஒருமுறை அளந்து கொட்டவேண்டியதாயிற்று; அம்மையார் குடை பிடித்தார். 2014 ஒக்ரோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணத்துக்கு வந்த நாளன்று இருவரும் புகைவண்டி நிலையத்துக்குச் சென்றனர். அந்நாளுக்குரிய வரி புகைவண்டியைப் பற்றியதன்று. மேடையில் நின்ற கிழவர் ஒருவர் தண்டவாளத்தைக் குனிந்து பார்த்துச் சிரித்ததைப் பற்றியது. பெரிய செய்தி வரக்கூடாதென்ற விதி அப்போதும் காப்பாற்றப்பட்டது.

இப்போது அவர் தொண்ணூறை அணுகுகின்றார். கண் மங்கிவிட்டதால், மகள் ரொறன்ரோவிலிருந்து அனுப்பிய கண்ணாடி அளவுச்சாடியின் கோடுகள் அவருக்குத் தெரிவதில்லை. அளப்பவர் அம்மையார். சாடியிலுள்ள நீர் கண்ணாடியோரத்திற் சற்று ஏறி, நடுவிற் குழிந்து நிற்கும். குழிவின் அடியையே வாசிக்கவேண்டும் என்பது அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அவர் கற்பித்துவந்த பாடம். அம்மையார் ஓரத்தின் உச்சியை வாசிக்கிறார். “பெய்ஞ்ச தண்ணியை ஏன் குறைச்சுச் சொல்லவேணும்?” என்பது அவருடைய வாதம். இதனால் அண்மைக்காலத்துக் குறிப்பேட்டில் ஒவ்வொரு மழை நாளுக்கும் எதிரே இரண்டு எண்கள் காணப்படுகின்றன. ஒன்று அம்மையார் சொன்னது, மற்றது அதிலிருந்து அவர் ஊகித்துக் கழித்தது. வரியை அவர் சொல்ல அம்மையார் எழுதுகிறார். சென்ற மாரியில் எண் எழுதவேண்டாத நாளொன்றில், ‘சுவடு’ என்ற சொல்லுக்கு எது ‘வ’, எது ‘ழ’ என்று பேரப்பிள்ளை தொலைபேசியிற் கேட்டு எழுதிக்கொண்டதாக ஒரு வரி இருக்கிறது. அச்சொல்லில் ‘ழ’ இல்லை என்று சொல்வதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது.